ஆடியவர் தலைமைக்கு வந்தால் நம் பிள்ளைகளுக்கு என்ன கிடைக்கும்? கடலூர், புதுச்சேரி டென்னிஸ் பெற்றோர் பேசலாம்

மஞ்சக்குப்பத்தான் | சனி, இரவு 10.10

கொஞ்சம் நீளமாகத்தான் எழுதப்போகிறேன். மனசில் இருப்பதை இறக்கி வைக்காமல் தூக்கம் வராது.

போன வாரம் மகளை 14 வயதுக்குட்பட்டோர் போட்டிக்கு வெளியூர் கூட்டிப்போனேன். எந்த ஊர், யார் நடத்தினார்கள் என்பதெல்லாம் வேண்டாம். விடிகாலை மூன்றரைக்குக் கடலூர் பஸ் ஸ்டாண்டில் ஏறினோம். டிராவில் ஒன்பது மணிக்கு ஆட்டம் என்று போட்டிருந்தது. பத்தானது, பன்னிரண்டானது, கோர்ட் காலியில்லை என்றார்கள். எப்போது கூப்பிடுவார்கள் என்று தெரியாது, வயிறு நிறைந்தால் ஓட முடியாது, அதனால் வீட்டில் கட்டிக்கொடுத்த எலுமிச்சை சாதத்தில் நாலு வாய் எடுத்துவிட்டு டப்பாவை மூடி வைத்தாள் பிள்ளை. கூப்பிட்டது நாலரை மணிக்கு. அம்பயர் கிடையாது, பிள்ளைகளே கோடு பார்த்துச் சொல்லிக்கொள்ள வேண்டும். ஜூனியர் ஆட்டத்தில் அது வழக்கம்தான். ஆனால் அங்கே பேஸ்லைன், அதான் கோர்ட்டின் பின்பக்கக் கோடு, பாதி அழிந்து கிடந்தது. இல்லாத கோட்டை எந்தப் பிள்ளை பார்த்துச் சொல்லும்? நாற்பது நிமிஷத்தில் தோற்றுவிட்டாள். தோல்வி எனக்குப் பெரிதில்லை. திரும்பும்போது பஸ்ஸில், மரக்காணம் தாண்டியிருக்கும், "அப்பா, இதை நடத்துறவங்கள்ல யாராவது சின்ன வயசுல ஆடியிருப்பாங்களா?" என்று கேட்டாள். என்னால் பதில் சொல்ல முடியவில்லை.

நம் டென்னிஸ் குழுவுக்கு அடுத்த மாதம் தலைவர் தேர்ந்தெடுக்க வேண்டும். கையில் பசையுள்ள ஆளாகப் பார்த்துப் போடலாம், பந்து வாங்கவாவது காசு வரும் என்று பேச்சு ஓடுகிறது. நான் ஆடிய ஒருவர்தான் வேண்டும் என்கிறேன். மெட்ராஸ் டென்னிஸ் வீரர் விஜய் அமிர்தராஜைப் பாருங்கள். 1973இல் 19 வயசுப் பையனாக விம்பிள்டன் காலிறுதி, அதே வருஷம் அமெரிக்க ஓப்பனில் ஆஸ்திரேலிய ஜாம்பவான் ராட் லேவரை ஐந்து செட்டில் தோற்கடித்தது, அடுத்த வருஷம் அங்கேயே ஸ்வீடனின் போர்க்கை வீழ்த்தியது, இதெல்லாம் எல்லாருக்கும் தெரியும். ஆடி முடித்த பிறகு அவர் என்ன செய்தார் என்பதைத்தான் நாம் பேசுவதில்லை. 1989 முதல் 1993 வரை உலகத் தொழில்முறை ஆட்டக்காரர்களின் அமைப்பான ஏடிபியின் வீரர்கள் கவுன்சிலுக்குத் தலைவர். 2022இல் தமிழ்நாடு டென்னிஸ் சங்கத் தலைவர். அந்த செப்டம்பரிலேயே நுங்கம்பாக்கம் ஸ்டேடியத்தில் டபிள்யூடிஏ என்ற பெண்கள் உலகச் சுற்றின் போட்டி நடந்தது. மாநில அரசு கூட நின்றது. செக் நாட்டுப் பெண் லிண்டா ஃப்ருவிர்தோவா, 17 வயசு, கோப்பையைத் தூக்கினாள். என் மகள் டிவி முன்னாலிருந்து எழுந்திருக்கவே இல்லை. உங்கள் அபிப்பிராயம் சொல்லுங்கள்.


மரமட்டை | சனி, இரவு 11.25

தம்பி, உன் மகள் கேட்டது நியாயமான கேள்வி. எனக்கு எழுபது தாண்டிவிட்டது, திருப்பாதிரிப்புலியூரில் இருக்கிறேன். நாங்கள் ஆடிய காலத்தில் கடற்காற்றுக்கு மரமட்டை வளைந்துவிடும். ஆட்டம் முடிந்ததும் ஒரு மரச்சட்டத்துக்குள் வைத்து நாலு மூலையிலும் திருகாணியை முடுக்கி வைக்க வேண்டும். மறந்தால் மறுநாள் மட்டை அப்பளம் மாதிரி நெளிந்திருக்கும். கோர்ட்டுக்குச் சாணி கரைத்து மெழுகுவோம். சாணி மெழுகிய தரையில் பந்து எழும்பும் விதமே வேறு.

1974 ஞாபகம் இருக்கிறது. கல்கத்தாவில் நாடுகளுக்கிடையே நடக்கும் டேவிஸ் கோப்பை, எதிரில் ஆஸ்திரேலியா. செட்டைச் சுருக்கி முடிக்கும் டை பிரேக்கர் அந்தக் கோப்பையில் இல்லாத காலம். ஐந்து ஆட்டத்திலும் சேர்த்து 327 கேம். இரட்டையரில் விஜய்யும் அண்ணன் ஆனந்தும் முதல் செட்டை மட்டும் 17-15 என்று எடுத்தார்கள். மறுநாள் நூலகத்தில் பேப்பரில் அந்த ஸ்கோரைப் பார்த்துவிட்டு அச்சுப்பிழை என்றே நினைத்தேன். அப்புறம் பூனாவில் ரஷ்யாவை ஜெயித்து இறுதிக்கு வந்தார்கள். எதிரில் தென்னாப்பிரிக்கா. நிறவெறி அரசோடு ஆட மாட்டோம் என்று இந்தியா ஒதுங்கியது. ஆடாமலே கோப்பை அவர்கள் கைக்குப் போனது. விஜய்க்கு அப்போது இருபது வயசு. கையில் வந்த கோப்பையை விட வேண்டியதாயிற்று. அந்த முடிவு சரிதான் என்று பின்னாளில் அவரே சொன்னார்.

எனக்குத் தோன்றுவது என்னவென்றால், பிற்காலத்து நாற்காலிக்கு அவர் தயாரானது அங்கேதான். தன் ஆட்டத்தை விடப் பெரிய விஷயம் ஒன்று உண்டு என்பதை இருபது வயசிலேயே நெஞ்சில் வாங்கிக்கொண்டவர். அப்படிப்பட்ட ஆள் உள்ளூரில் கிடைத்தால் மாலை போட்டுக் கூட்டிவா.


லாஸ்பேட்டை வாத்தியார் | ஞாயிறு, காலை 6.50

வணக்கம். நான் மாறுபடுகிறேன், கோபித்துக்கொள்ள வேண்டாம். புதுச்சேரியில் இருபது வருஷமாகப் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுக்கிறேன்.

நன்றாக ஆடியவர் நன்றாக நிர்வாகம் செய்வார் என்பதற்கு ஒரு விதியும் இல்லை. கோர்ட்டில் தனியாள் ஆட்டம் அது. பயிற்சியாளர்கூட நடுவில் வந்து பேச முடியாத விதிமுறையில் வளர்ந்தவர்கள். எந்த முடிவையும் தானே எடுத்துப் பழகிய ஆள் நாலு பேரை உட்காரவைத்துப் பேசிக் காரியம் சாதிப்பாரா? ஒரு போட்டி நடத்த என்னென்ன வேண்டும் என்று ஒரு நிமிஷம் யோசியுங்கள். மைதான அனுமதி, ரெஃப்ரி, பந்து, தண்ணீர், முதலுதவி, மழை வந்தால் மாற்று ஏற்பாடு, வெளியூர்ப் பிள்ளைகளுக்குத் தங்க இடம், பெண் பிள்ளைகளுக்குச் சுத்தமான கழிப்பறை, கடைசியில் கணக்கு. இதில் எதற்கும் பேக்ஹேண்ட் தேவையில்லை. மஞ்சக்குப்பத்தான் சார் சொன்ன போட்டியில் நடந்த தவறு நேர அட்டவணைத் தவறு. இத்தனை கோர்ட், இத்தனை ஆட்டம், ஓர் ஆட்டத்துக்கு இவ்வளவு நேரம் என்று முந்தின நாள் இரவு ஒருவர் பென்சிலும் பேப்பருமாக உட்கார்ந்திருந்தால் பிள்ளை நாலரை வரை காத்திருந்திருக்க மாட்டாள். அதைச் செய்ய ஒரு நல்ல குமாஸ்தா போதும்.

விஜய் அமிர்தராஜ் விதிவிலக்கு. ஆங்கிலத்தில் பேசுகிறவர், உலகமெல்லாம் ஆள் தெரிந்தவர், சினிமா, டிவி வர்ணனை எல்லாவற்றிலும் இருந்தவர். ஐ.நா. சபை 2001இல் அமைதித் தூதராகவே நியமித்தது. நம் ஊரில் மாநில அளவில் இரண்டு சுற்று ஆடிய ஒருவரைக் கொண்டுவந்து அந்த நாற்காலியோடு ஒப்பிட்டால் எப்படி?


உப்புக்காற்று | ஞாயிறு, காலை 8.15

வாத்தியார் சார், மன்னிக்கணும், நான் உங்களிடம் படித்தவன்தான், ஆனாலும் இதில் உங்களோடு சேர முடியவில்லை.

1973 விம்பிள்டன் கதையை முழுசாகப் பார்க்க வேண்டும். யூகோஸ்லாவியாவின் பிலிச் டேவிஸ் கோப்பைக்கு வரவில்லை என்று அவர் நாட்டுச் சங்கம் தடை போட்டது. ஆட்டக்காரர்கள் அமைப்பான ஏடிபி அதற்கு முந்தின வருஷம் 1972இல்தான் பிறந்திருந்தது. பிலிச்சுக்காகச் சுமார் 80 பேர் விம்பிள்டனையே புறக்கணித்தார்கள். பெரிய பெயர்களில் பாதி அந்த வருஷம் கிடையாது. விஜய் ஆடினார். காலிறுதி வரை போய், கடைசியில் கோப்பையையே வென்ற கோடெஷிடம் ஐந்தாவது செட் 7-5 என்று தோற்றார். புறக்கணிப்பு நடந்த வருஷத்தில் உள்ளே ஆடிய அதே 19 வயசுப் பையனைத்தான் பதினாறு வருஷம் கழித்து ஆட்டக்காரர்கள் தங்கள் தலைவராக உட்காரவைத்தார்கள். இதை நான் முதலில் படித்தபோது புத்தகத்தை மூடிவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். அந்தப் பதினாறு வருஷமும் அவர்கள் இவரோடுதான் லாக்கர் ரூமில் உடை மாற்றினார்கள், விமானத்தில் போனார்கள், ஜெயித்தார்கள், தோற்றார்கள். நம்பிக்கை அங்கே வந்தது. குமாஸ்தாவிடம் அது வராது சார்.

அவர் தலைவரான நேரத்தையும் பாருங்கள். 1988 அமெரிக்க ஓப்பனில் ஆட்டக்காரர்கள் அமைப்புக்கு உள்ளே பத்திரிகையாளர் அறையைக் கொடுக்கவில்லை. வெளியே கார் நிறுத்துமிடத்தில் நின்றுகொண்டு, இனி எங்கள் சுற்றை நாங்களே நடத்துவோம் என்று அறிவித்தார்கள். 1990இல் ஏடிபி டூர் தொடங்கியது. ஆட்டக்காரர்கள் தரப்பும் போட்டி நடத்துபவர்கள் தரப்பும் ஒரே மேஜையில் சரிபாதியாக உட்காரும் ஏற்பாடு. இன்று உலகத்தில் ஆண்கள் டென்னிஸ் ஓடுவது அந்த அமைப்பில்தான். அந்த ஆரம்ப வருஷங்களில் ஆட்டக்காரர்கள் பக்கம் தலைமையில் இருந்தவர் மெட்ராஸ்காரர். தனியாள் ஆட்டம் என்றீர்களே, அந்தத் தனியாட்களை ஒரு குரலாகச் சேர்ப்பதுதான் அவருடைய வேலையாக இருந்தது.

நம் போட்டிகளில் பெற்றோரும் பிள்ளைகளும் பேசுவதற்கு ஒரு நாற்காலியாவது இருக்கிறதா?


நெய்வேலிக்காரி | ஞாயிறு, காலை 11.40

சமையலை முடித்துவிட்டு இப்போதுதான் எல்லாவற்றையும் படித்தேன். நீங்கள் எல்லாரும் விஜய்யைப் பற்றியே பேசுகிறீர்கள். நான் அவர் அம்மாவைப் பற்றிப் பேசுகிறேன்.

சின்ன வயசில் அந்தப் பிள்ளைக்கு நுரையீரல் கோளாறு. ஓடியாட வேண்டிய வயசில் மருத்துவமனையும் வீடுமாகக் கிடந்தவர். வெளிக்காற்றில் ஆடினால் உடம்பு தேறும் என்றுதான் டென்னிஸுக்கே விட்டார்கள். அப்பா ரயில்வேயில் வேலை. அம்மா மார்கரெட் அமிர்தராஜ் சொந்தமாகத் தொழில் நடத்திக்கொண்டே ஆனந்த், விஜய், அசோக் மூன்று பேரையும் விடிகாலையில் எழுப்பி ஓடவைத்து ஆடவைத்தார். மூவரும் விம்பிள்டனில் ஆடினார்கள். ஒரு வீட்டில் மூன்று பேர்! அப்புறம் 1985இல் மெட்ராஸில் பிரிட்டானியா அமிர்தராஜ் டென்னிஸ் பயிற்சித் திட்டம் தொடங்கியது. பையன்களைத் தேர்ந்தெடுத்து, தங்கவைத்து, சாப்பாடு போட்டு, பள்ளிக்கூடத்துக்கும் அனுப்பி ஆடவைத்தார்கள். கல்கத்தாவிலிருந்து வந்த பையன் லியாண்டர் பயஸ் அங்கே வளர்ந்தவர்தான். 1990இல் விம்பிள்டன் ஜூனியர் கோப்பை, 1996இல் அட்லாண்டாவில் ஒலிம்பிக் வெண்கலம்.

கவனித்தீர்களா, 1985இல் விஜய் இன்னும் ஆடிக்கொண்டிருந்தார். ஓய்வு பெற்று, பெயர் வாங்கி, பொன்னாடை போர்த்திக்கொண்ட பிறகு ஆரம்பித்த வேலை இல்லை. தான் ஆடும்போதே அடுத்தவன் பிள்ளைக்குச் சோறு போட்ட வீடு அது. நான் தலைமை என்று சொல்வது இதைத்தான்.

வாத்தியார் சார், கழிப்பறை என்று எழுதினீர்களே, அதற்காக உங்களுக்குக் கையெடுத்துக் கும்பிடுகிறேன். என் மகள் ஒரு போட்டியில் காலை முதல் சாயங்காலம் வரை தண்ணீரே குடிக்காமல் இருந்தாள். ஏன் என்று வீட்டுக்கு வந்து ராத்திரிதான் சொன்னாள். மே மாத வெயில். அன்றைக்கு நான் அழுத அழுகை எனக்குத்தான் தெரியும். இதை ஒரு பணக்காரத் தலைவரிடம் போய்ச் சொல்லக் கூச்சமாக இருக்கும். ஆடிய பெண் ஒருத்தி தலைவியாக இருந்தால் நான் சொல்லவே தேவையில்லை, அவளுக்கே தெரிந்திருக்கும். ஏன் எல்லாரும் ஆடிய "ஒருவர்" என்றால் ஆம்பளையாகவே நினைக்கிறீர்கள்? ஓடி ஜெயித்த பி.டி. உஷா இன்று இந்திய ஒலிம்பிக் சங்கத் தலைவர். பிரெஞ்சு ஓப்பனை 2022 முதல் நடத்துகிற இயக்குநர் அமெலி மொரெஸ்மோ, இரண்டு கிராண்ட்ஸ்லாம் ஜெயித்தவர்.


மஞ்சக்குப்பத்தான் | ஞாயிறு, பகல் 12.30

அக்கா, நீங்கள் சொன்னது சுருக்கென்று தைத்தது. ஆடிய பெண் என்று நான் யோசிக்கவே இல்லை. பெண் பிள்ளையைப் பெற்று வைத்துக்கொண்டு இப்படி இருந்திருக்கிறேன்.


கெடிலக்கரை | ஞாயிறு, பகல் 2.05

பேச்சை ரொம்ப மேலே கொண்டு போகிறோமோ என்று தோன்றுகிறது. பணம் எங்கிருந்து வரும்? விஜய் தலைவரானதும் சென்னைக்குப் போட்டி வந்தது என்றால் பின்னால் அரசாங்கத்தின் பணமும் கம்பெனிகளின் பணமும் இருந்தது. சென்னை ஓப்பன் என்று 1997 முதல் வருஷா வருஷம் நடந்த ஆண்கள் போட்டி 2018இல் புனேவுக்குப் போய்விட்டது. இங்கே ஆடியவர்களும் பார்க்கிறவர்களும் குறைந்துவிட்டார்களா? இல்லையே. மயிலாப்பூர், நுங்கம்பாக்கம், அப்பா மகனாக ஆடிய கிருஷ்ணன்கள், அமிர்தராஜ்கள் என்று இத்தனை பெருமை இருந்தும் போனது போனதுதான். பசையுள்ள ஆள் வேண்டும் என்று சொன்னதில் நானும் ஒருவன், மறைக்கவில்லை. ஒரு டப்பா பந்து என்ன விலை விற்கிறது? செம்மண் கோர்ட்டில் ஒரு டப்பா எத்தனை நாள் தாங்கும்? தலைவர் ஆடியவரா இல்லையா என்பது பந்துக்குத் தெரியாது.


மரமட்டை | ஞாயிறு, மாலை 4.40

கெடிலக்கரைத் தம்பி, உனக்கு ஒன்று சொல்கிறேன். பணம் உள்ளவர் தலைவராக இருந்த காலத்தையும் நான் பார்த்திருக்கிறேன். பெயர் சொல்லக் கூடாது, காலமாகிவிட்டார், நல்ல மனுஷர். அவர் இருந்தவரை பந்து வந்தது, நெட் வந்தது. அவர் போனதும் ஒரு மழைக்காலத்தில் கோர்ட்டில் நெருஞ்சி முளைத்துவிட்டது. ஏனென்றால் பார்த்துக்கொள்ள யாரையும் அவர் பழக்கவில்லை, பழக்க அவருக்குத் தெரியாது. ஆடியவனுக்கு ஒரு கோர்ட் காலடியில் எப்படி இருக்க வேண்டும் என்று பாதத்துக்கே தெரியும். நெட் நடுவில் மூன்றடி, கம்பத்தில் மூன்றரை அடி. போனவாரம் நம் கோர்ட்டில் நெட் நடுவில் என் மட்டையை நிமிர்த்தி அளந்தேன், நாலு விரல் கூடுதலாக நிற்கிறது. எத்தனை மாசமாக அப்படி நிற்கிறதோ. நம் பிள்ளைகள் அத்தனை மாசமும் தப்பான உயரத்துக்குப் பழகியிருக்கிறார்கள். வெளியூர் போனால் பந்து ஏன் நீளமாகப் போகிறது என்று அவர்களையே திட்டுகிறோம்.


லாஸ்பேட்டை வாத்தியார் | ஞாயிறு, மாலை 6.15

நெட் விஷயம் எனக்குத் தலைக்குனிவு. நானும் அந்தக் கோர்ட்டுக்கு மாசம் ஒரு தடவை வருகிறேன், அளந்து பார்க்கவில்லை.

உப்புக்காற்று எழுதியதை இரண்டு தடவை படித்தேன். ஆட்டக்காரர்களும் நடத்துபவர்களும் சரிபாதி என்ற ஏற்பாடு நல்ல யோசனை. 2025இல் நாடாளுமன்றம் கொண்டுவந்த தேசிய விளையாட்டு நிர்வாகச் சட்டமும் தேசியச் சங்கங்களின் செயற்குழுவில் ஆடியவர்களுக்கு இடம் தர வேண்டும் என்கிறது. நம்மைப் போன்ற சின்னக் குழுக்களை அது கட்டாயப்படுத்தாது என்றாலும் நாமாகவே செய்யலாம்.

ஆனாலும் என் கேள்வி அப்படியே நிற்கிறது. பெரிய ஆட்டக்காரர் என்பதும் பெரிய தலைவர் என்பதும் ஒன்றல்ல. விஜய் கிராண்ட்ஸ்லாம் ஒற்றையரில் காலிறுதியைத் தாண்டியதில்லை. அவரை விட அதிகம் ஜெயித்த எத்தனையோ பேர் ஒரு சங்கத்தையும் நடத்தவில்லை. அப்படியானால் அவரைத் தலைவராக்கியது ஆட்டம் அல்ல, வேறு ஏதோ ஒன்று. அது என்ன என்று தெரிந்தால்தான் நம் ஊரில் அதைத் தேட முடியும்.


உப்புக்காற்று | ஞாயிறு, இரவு 9.00

சார், நீங்கள் கேட்டதுதான் சரியான கேள்வி. நாள் முழுக்க யோசித்தேன். என் பதில் தோல்வி.

1979 விம்பிள்டனில் போர்க்கை எதிர்த்து இரண்டு செட்டுக்கு ஒன்று என்று முன்னால் நின்றார். நாலாவது செட் டை பிரேக்கரில் கைவிட்டுப்போனது, ஐந்தாவதும் போனது. போர்க் அந்த வருஷம் கோப்பை தூக்கினார். 1981இல் அங்கேயே காலிறுதியில் அமெரிக்காவின் கானர்ஸை முதல் இரண்டு செட்டும் அடித்துவிட்டு அடுத்த மூன்றும் தோற்றார். 1973, 1974 இரண்டு வருஷமும் அமெரிக்க ஓப்பன் காலிறுதியில் ஒரே ஆளிடம், ஆஸ்திரேலியாவின் ரோஸ்வாலிடம் தோற்றார். ஒரு முழு வாழ்க்கையையும் ஜெயிப்பதற்கு ஒரு விரற்கடை இந்தப் பக்கம் நின்று கழித்தவர். டிராவில் 128 பேர் இருந்தால் 127 பேர் தோற்றுத்தான் வீட்டுக்குப் போகிறார்கள், சார். அந்த 127 பேரின் மனசு தெரிந்த ஒருவர் தலைவராக வேண்டும் என்று ஆட்டக்காரர்கள் நினைத்ததில் ஆச்சரியமே இல்லை. முதல் சுற்றில் தோற்றவனுக்கு அடுத்த ஊருக்கு டிக்கெட் எடுக்கக் காசு இருக்கிறதா என்று கோப்பை வாங்குகிறவனுக்குத் தோன்றுமோ என்னவோ, இவருக்குத் தோன்றும்.

இன்னொன்று 1987 டேவிஸ் கோப்பை. அப்போது வயசு 33. ஆடிக்கொண்டே அணிக்குக் கேப்டன். டெல்லியில் அர்ஜென்டினாவின் ஹைட்டேவிடம் இன்னும் ஒரு பாயின்ட் போனால் தோல்வி என்ற நிலை வரை போய் மீண்டு ஜெயித்தார். அங்கே தோற்றிருந்தால் அந்த வருஷம் அங்கேயே முடிந்திருக்கும். அப்புறம் சிட்னியில் புல்தரையில் ஆஸ்திரேலியாவையே வீழ்த்தினார்கள். அங்கே கடைசி ஆட்டத்தை ஜெயித்துக் கொடுத்தது ரமேஷ் கிருஷ்ணன். இறுதியில் ஸ்வீடன் கோத்தன்பர்க்கில் களிமண் தரையைப் போட்டு 5-0 என்று முடித்துவிட்டார்கள். பாருங்கள், ஒரு கேப்டனாக அவர் வேலை தான் ஆட வேண்டியதை ஆடிவிட்டு, கடைசி ஆட்டத்தில் ரமேஷின் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து டவலும் தண்ணீரும் எடுத்துக் கொடுப்பது. டேவிஸ் கோப்பை மாதிரி அணிப் போட்டிகளில் மட்டும்தான் கேப்டன் கோர்ட்டுக்குள் உட்கார்ந்து பேசலாம் என்ற காலம் அது. நான் தேடச் சொல்வது அந்த நாற்காலியில் உட்காரத் தெரிந்த ஆளை.


தவளக்குப்பம் அம்மா | ஞாயிறு, இரவு 9.50

நான் இங்கே படிப்பதோடு சரி, எழுதியதில்லை. என் மகன் ஆடுகிறான், எனக்கு ஆட்டம் தெரியாது. 2024இல் விஜய்யும் லியாண்டரும் அமெரிக்காவில் ஹால் ஆஃப் ஃபேம் என்ற டென்னிஸ் பெருமை மண்டபத்தில் சேர்க்கப்பட்டார்கள் என்று டிவியில் காட்டினார்கள். அது ஆட்டத்துக்காகத்தானே? அப்படியானால் ஆட்டம்தானே பெரிசு?


உப்புக்காற்று | ஞாயிறு, இரவு 10.05

அம்மா, நல்லவேளை கேட்டீர்கள். 2024 ஜூலையில் நியூபோர்ட்டில் நடந்தது அது. ஆசியாவிலிருந்து அங்கே இடம்பெற்ற முதல் ஆண்கள் அவர்கள் இருவரும். ஆனால் லியாண்டரைச் சேர்த்தது ஆட்டக்காரர் பிரிவில், விஜய்யைச் சேர்த்தது பங்களிப்பாளர் பிரிவில். லேவரையும் போர்க்கையும் தோற்கடித்தவரை அவர்கள் அந்தப் பிரிவில்தான் வைத்தார்கள். ஆட்டத்துக்கு அவர் திருப்பிக் கொடுத்ததற்காக. அவர் வளர்த்த பையன் ஆட்டக்காரராகப் பக்கத்தில் நின்றான்.


நெய்வேலிக்காரி | ஞாயிறு, இரவு 10.30

இதைப் படித்ததும் கண் நிறைந்துவிட்டது. அந்த அம்மா இருந்து பார்த்திருக்க வேண்டும்.


கெடிலக்கரை | திங்கள், காலை 7.20

சரி, நான் பிடிவாதம் பிடிக்கவில்லை. ஆடியவர் தலைவராக இருக்கட்டும், பணம் திரட்டும் பொறுப்பை நான் எடுத்துக்கொள்கிறேன். முதுநகர் பக்கம் எனக்குத் தெரிந்த கடைக்காரர்கள் நாலைந்து பேர் உண்டு. ஆனால் கோர்ட்டைச் சரி செய்யாமல் யாரிடமும் போய்க் கேட்க எனக்கு முகம் இல்லை. 2024 டிசம்பரில் தென்பெண்ணை வெள்ளம் வந்து போனபோது படிந்த வண்டல் இன்னும் கிழக்கு மூலையில் அப்படியே இருக்கிறது. வெயிலில் பாளம் பாளமாக வெடித்திருக்கிறது. பந்து அதில் பட்டால் எந்தப் பக்கம் போகும் என்று சாமிக்குத்தான் தெரியும். பிள்ளைகள் அந்த மூலைக்கு ஓடவே பயப்படுகிறார்கள்.


மரமட்டை | திங்கள், காலை 8.00

வண்டலை மண்வெட்டியால் கொத்தாதே, அடியில் இருக்கும் நல்ல தளமும் பெயர்ந்துவிடும். முதல்நாள் சாயங்காலம் தண்ணீர் தெளித்து ஊறவிட்டு, காலையில் தட்டையான கரண்டியால் சீவி எடுக்க வேண்டும். அப்புறம் செம்மண்ணைச் சலித்து, ஒரு விரல் கனத்துக்குத் தூவி, தண்ணீர் தெளித்து, பாதம் ஒட்டாத ஈரத்தில் உருளை இழுக்க வேண்டும். அவசரப்பட்டு ஈரம் அதிகமாக இருக்கும்போது இழுத்தால் மண் உருளையோடு சுருட்டிக்கொண்டு வந்துவிடும். நீளவாக்கில் ஒரு தடவை, குறுக்கே ஒரு தடவை. கோடு போட ஆணி அடித்துக் கயிறு கட்டிக்கொள். 78 அடி நீளம், ஒற்றையருக்கு 27 அடி அகலம். நான் வந்து நாற்காலி போட்டு உட்கார்ந்து சொல்கிறேன், இழுக்க எனக்கு இப்போது தெம்பில்லை.


லாஸ்பேட்டை வாத்தியார் | திங்கள், காலை 8.35

என் பிள்ளைகள் எட்டுப் பேரை அழைத்து வருகிறேன். அரவிந்தர் ஆசிரமத்து டென்னிஸ் மைதானத்தில் அன்னை எழுபது வயசைத் தாண்டியும் ஆடினார்கள் என்று அவர்களுக்குச் சொல்லியிருக்கிறேன், கோர்ட்டைத் தொட்டுப் பார்க்க இதுவரை சொன்னதில்லை. தலைவர் விஷயத்தில் என் யோசனை இது. ஆடிய பெண் ஒருவர் தலைவர். கூடவே ஆட்டக்காரப் பிள்ளைகள் இரண்டு பேர், பெற்றோர் இரண்டு பேர், போட்டி நடத்துபவர்கள் நாலு பேர். அட்டவணை போடும் குமாஸ்தா வேலையை நான் செய்கிறேன். பல்கலைக்கழக அணிக்கு ஆடிவிட்டு இப்போது நம் பக்கத்திலேயே வேலை பார்க்கும் பெண் ஒருவரை எனக்குத் தெரியும். கேட்டுப் பார்க்கிறேன், சம்மதித்தால் ஞாயிற்றுக்கிழமை அவரையும் வரச் சொல்கிறேன். பெயரை அவர் அனுமதி இல்லாமல் இங்கே போட மாட்டேன்.


மஞ்சக்குப்பத்தான் | திங்கள், இரவு 9.15

எல்லாவற்றையும் மகளிடம் படித்துக் காட்டினேன். அந்த இரண்டு பிள்ளைகளில் ஒருத்தியாக அவள் வரலாமா என்று கேட்கச் சொன்னாள். "கோடு அழிஞ்சிருந்தா யார்கிட்டப்பா சொல்லணும்னு எனக்குத் தெரியணும்" என்கிறாள்.

ஞாயிறு காலை ஐந்தரைக்குக் கோர்ட்டில் பார்ப்போம். சனிக்கிழமை சாயங்காலம் தண்ணீர் தெளிக்க நானும் மகளும் போகிறோம். செம்மண் ஒரு டிராக்டர் லோடு கெடிலக்கரை சொல்லிவிட்டார். ஐந்து கிலோ சுண்ணாம்பு வாங்கி வைத்துவிட்டேன். உருளையின் கைப்பிடி ஒரு பக்கம் விட்டுப்போயிருக்கிறது, வெல்டிங் பட்டறை வைத்திருக்கும் யாராவது இதைப் படித்தால் வெள்ளிக்கிழமைக்குள் சொல்லுங்கள்.


தவளக்குப்பம் அம்மா | திங்கள், இரவு 9.40

என் வீட்டுக்காரர் வெல்டிங் பட்டறைதான் வைத்திருக்கிறார். வெள்ளி காலை வந்து எடுத்துக்கொள்வார். கைப்பிடி எத்தனை இன்ச் பைப் என்று மட்டும் அளந்து போடுங்கள். ஞாயிற்றுக்கிழமை எத்தனை பேர் வருகிறீர்கள் என்றும் சொல்லுங்கள், இட்லிக்கு மாவு ஆட்ட வேண்டும்.